இடப்பக்கக் கதவு

காலை மணி ஒன்பது இருபது. டில்லியில் மூடுபனி இன்னும் விலகவில்லை; வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரின் முதுகு மட்டுமே அப்போது நான் கண்ட தலைநகரம். சர்வதேசக் கார் கண்காட்சியின் வாசல் திறக்க இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பயப்படுவதற்குச் சம்பளம் பெறும் தொழில் எங்களுடையது. பதினைந்து ஆண்டுகளாகப் பாளையங்கோட்டையில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தருகிறேன். இதே தொழிலில் இருப்பவர்கள் அறிவீர்கள்: பயிற்சி வண்டியில் நம் பக்கமும் ஒரு பிரேக் இருப்பதால், யாருடைய வண்டியில் ஏறினாலும் நம் இடது கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடும்.

கல்லூரி நாட்களில் கார்ப் படங்களை நோட்டில் ஒட்டிச் சேர்த்தவள் நான். அதை ஒருமுறை மாணவிகளிடம் சொல்லப்போக, அவர்கள் கூடிப் பேசி எனக்கும் என் கணவருக்கும் டில்லிக்கு ரயில் டிக்கெட் எடுத்துத் தந்துவிட்டார்கள். எங்கள் பயிற்சி வண்டியைப் பராமரிக்கும் மெக்கானிக் இசக்கி அண்ணாச்சியும் சேர்ந்துகொண்டார். ரமலத்து என்ற மாணவி தன் கம்பளிப் போர்வையை ரயிலடிக்கே கொண்டுவந்தாள். நாங்கள் ஊர் திரும்பிய பத்தாம் நாள் அவளுக்கு உரிமத் தேர்வு. "எல்லாத்தையும் நல்லாப் பாத்துட்டு வாங்க டீச்சர். வந்து என்னைய எப்படியாவது கரை சேத்துருங்க," என்றாள்.

பச்சை ரிப்பன்

ரமலத்து காயல்பட்டினத்துப் பெண். பதினோரு ஆண்டுகள் கணவருடன் வளைகுடாவில் இருந்துவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காகப் பாளையங்கோட்டையில் வீடு எடுத்திருந்தாள். மறைந்த தகப்பனாரின் கார் காயல்பட்டினத்து வீட்டுக் கொட்டகையில் நின்றது. தனியாக இருக்கும் தாயாரை அதில் ஏற்றித் தானே ஓட்டிப்போக வேண்டும் என்பது அவள் ஆசை. இரண்டு தேர்வுகளில் தோற்றிருந்தாள். மூன்றாவதிலும் தோற்றால் வண்டியை விற்றுவிடலாம் என்று அவளுடைய அண்ணன் சொல்லியிருந்தார்.

கியர், கிளட்ச் எதிலும் குறையில்லை. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வண்டி தானாகவே சாலையின் வலது ஓரத்துக்குப் போய்விடும். "ஓரம் என் கைக்குப் பக்கத்துல இருந்தாத்தான் எனக்கு மூச்சே வருது," என்பாள். வளைகுடாவில் வண்டிகள் வலப்புறம் செல்லும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அங்கே இவள் ஓட்டியதில்லை, கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மட்டுமே சென்றவள் என்பதால், அதை ஒரு காரணமாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் தேர்வில், உரிமம் வழங்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் பாதியிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். "டீச்சரம்மா, சர்க்கார் இவங்களுக்குப் பாதி ரோடுதான் குடுத்திருக்கு. அதுவும் இடது பாதின்னு சொல்லுங்க," என்றார்.

பொறுமைக்குப் பெயர் போனவள் நான். அவளுடைய இடது மணிக்கட்டில் ஒரு பச்சை ரிப்பன் கட்டிவிட்டேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இடது கை எதுன்னு எனக்குத் தெரியும் டீச்சர். வண்டிக்குத்தான் தெரிய மாட்டேங்கு."

அண்ணாச்சி கண்ட கார்

கண்காட்சிக்குள் நுழைந்ததும் முதல் அரங்கிலேயே என் கண்கள் நிறைந்துவிட்டன. நோட்டில் ஒட்டிய கார்களின் பேரப்பிள்ளைகள் விளக்கொளியில் நின்றன. சாற்றினால் சத்தமே வராத கதவுகள். முகம் பார்க்கலாம் போன்ற வர்ணம். என் கணவர் ஒவ்வொரு அரங்கிலும் இலவசமாகக் கிடைத்த வண்ணத் தாள்களைக் கக்கத்தில் சேர்த்துக்கொண்டே வந்தார்.

அண்ணாச்சியைக் காணவில்லை. தேடிப் போனால், பையச் சுழலும் மேடையில் ஒரு சிவப்புக் கார்; மேடையோரம் துண்டை விரித்து, குரங்குக் குல்லாவோடு அவர் மல்லாந்து படுத்திருந்தார். மேடை சுழலச் சுழல அவரும் நகர்ந்து காரின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். காவலர் விசில் ஊதி இந்தியில் ஏதோ கேட்டார். அண்ணாச்சி எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சுத்தமான திருநெல்வேலித் தமிழில் பதில் சொன்னார்: "மேல மினுங்குததை ஊரே பாக்கு. எண்ணெய் ஒழுகுதா இல்லையான்னு ஒருத்தராவது பாக்காண்டாமா வே?"

தவறிய கை

ஒரு வெளிநாட்டு அரங்கில், வரிசையில் நின்றால் காருக்குள் உட்காரவிட்டார்கள். என் முறை வந்தது. பதினைந்து ஆண்டுப் பழக்கம். இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறினேன். எதிரே ஸ்டீயரிங் இருந்தது. அந்த நாட்டு வண்டிகளுக்கு ஓட்டுநர் இருக்கை இடப்புறம் என்பதை ஏறிய பிறகே உணர்ந்தேன்.

கியரைத் தொட இடது கையை நீட்டினேன். அது கதவில் இடித்தது. பிரேக் என்று நினைத்து இடது காலை வைத்தேன், அது கிளட்ச். கண்ணாடி வழியே ஒரு சாலையைக் கற்பனை செய்து பார்த்தேன். என் இருக்கையில் சாலையோரம் எப்போதும் என் இடது தோளை ஒட்டியே வரும். இந்த வண்டி ஓடும் நாட்டிலோ அந்தத் தோளை ஒட்டி எதிர்வரும் லாரி போகும். ஓரம் தேடி நான் இடப்புறம் ஒதுங்கினால் நேராக அதன் முன்னால்தான் போய் நிற்பேன்.

ரமலத்து பதினோரு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தது வலப்பக்க இருக்கை. ஓரம் அவளுடைய வலது தோளை ஒட்டியே வந்திருக்கிறது. அதே இருக்கையில் அவளை ஏற்றி, ஸ்டீயரிங்கையும் கொடுத்து, ரிப்பன் கட்டிவிட்டவள் நான். உட்கார்ந்தே பிழைப்பவளுக்கு, உட்கார்ந்திருப்பதாலும் உடம்பு பழகும் என்பது தெரியாமல் போயிற்று.

கண்ணில் நீர் திரண்டுவிட்டது. அண்ணாச்சி சன்னல் வழியே குனிந்தார். "தப்பான பக்கம் ஏறிட்டியன்னா அழுவாங்களா டீச்சரம்மா? இறங்கி அங்கன போங்க, பின்னால சனம் நிக்கி."

சுண்ணாம்புக் கோடு

ஊர் திரும்பியதும் ரமலத்திடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவள் பதறிப்போனாள். பிறகு ஆள் நடமாட்டமில்லாத ஒரு நேர் சாலையில், அண்ணாச்சி நடுவே நீளமாகச் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார். "உங்கள் வலது கைக்கு அருகே ஓர் ஓரம் வேண்டும், அவ்வளவுதானே? இனி இந்த நடுக்கோடுதான் உங்கள் ஓரம். இதை வலது முழங்கையை விட்டு விலகாமல் வைத்துக்கொள்ளுங்கள்," என்றேன்.

முதல் நாள் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். நான்காம் நாள் அதைப் பார்க்காமலே ஓட்டினாள். ஏழாம் நாள் மழை கோட்டை அழித்துவிட்டது. வண்டி இடம் மாறவில்லை.

தேர்வு நாளன்று சாலையோரம் காத்து நின்ற என் இடது கால், வெறுந்தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. வி.எம். சத்திரம் வரை போய்த் திரும்பிய வண்டியிலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே இறங்கினார். "எதிர்ல வந்தவனுக்கும் பாதி ரோட்டை விட்டுக் குடுத்துட்டாவ டீச்சரம்மா. கையெழுத்துப் போட்டுட்டேன்."

மறுநாள் காலை

மறுநாள் காலை அண்ணாச்சி முதல் பேருந்தில் காயல்பட்டினம் சென்று, கொட்டகைக் காரின் அடியில் துண்டை விரித்துப் படுத்தார். ரமலத்து உரிமத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு தாயாரை இடப்பக்க இருக்கையில் ஏற்றினாள். கடற்கரை வரை போனதாகவும், இறங்கும்போது உம்மா "உங்க வாப்பா இதைவிட வேகமா ஓட்டுவாக," என்றதாகவும் தொலைபேசியில் சொன்னாள். என் கணவர் டில்லியிலிருந்து சுமந்துவந்த வண்ணத் தாள்களைச் சமையலறை அலமாரித் தட்டுகளில் ஒவ்வொன்றாக விரித்தார்.

நானோ ஆறரை மணிக்கு வந்த புதிய மாணவியிடம், டில்லியில் பெற்ற ஞானத்தோடு, இதுவரை காரில் எந்தப் பக்கம் உட்கார்ந்து பழகியவர் என்று கேட்டேன். "எப்பவும் பின்னாலதான் டீச்சர், ஏறினதும் தூங்கிருவேன்," என்று அவர் சொன்னதும், இடது காலை எடுத்து என் பக்கத்துப் பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டேன்.