எட்டாவது பாட்டைப் பாராட்டியவர்கள்

என் புதிய பாடல் தொகுப்புக்கு மூன்று விமர்சனங்கள் வந்தன. மூன்றிலும் ஒரு குறைகூட இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். புக்கிட் தெங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் தரம் பார்க்கும் வேலை செய்தவள் நான். ஒரு பெட்டியில் ஒரு ரிஜெக்ட்கூட இல்லை என்று தாளில் எழுதி வந்தால், அந்தப் பெட்டியை யாரும் திறந்தே பார்க்கவில்லை என்று எங்களுக்குத் தெரியும். அது தெரிந்தவள்தான், புகழ்ச்சி என்றதும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு ஐம்பத்தொன்பது வயது. ஒரு காலத்தில் பினாங்கில் எங்கள் ராக் குழு ஏறாத மேடை இல்லை. கோயில் திருவிழா, கல்யாண விருந்து, எல்லாவற்றிலும் நான் மின்கிதார் வாசித்துத் தமிழில் பாடினேன். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்தக் கத்தல் என்று கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று என்னோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு குழு கலைந்தது. வேலை, குடும்பம் என்று காலம் ஓடிவிட்டது. ஓய்வு பெற்றதும் எட்டுப் பாட்டு எழுதி, நானே பாடிப் பதிவு செய்தேன்.

"இந்த வயசுல இது தேவையாம்மா?" என்று என் மகள் கேட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, ஏனென்றால் அதே கேள்வி எனக்குள்ளும் இருந்தது. பாட்டு நன்றாக இருந்தால் தேவை, இல்லாவிட்டால் கிதாரைப் பெட்டியில் போட்டு மூடிவிடுவது என்று முடிவு செய்தேன். அதை யாராவது கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

வெளியீட்டு விழாவைச் சூலியா தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் வைத்தோம். நம் விழாக்களில் பாராட்டு முதலில், கேட்பது பிறகு. டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து, முதல் பிரதியை வாங்கி, இசைக்கு வயதில்லை என்று பேசிவிட்டு, பிரியாணிக்கு முன்பே கிளம்பிவிட்டார். இன்னும் நாலு பேர் பேசினார்கள். நாலு பேரும் எட்டுப் பாட்டும் முத்து என்றார்கள். இப்போது குறுந்தட்டு போட யாரிடம் கருவி இருக்கிறது என்று நான் அறுபது பென் டிரைவ் வாங்கி, வீட்டிலேயே பாட்டுகளை ஏற்றி, அழகான அட்டையில் செருகிக் கொடுத்திருந்தேன்.

அடுத்த வாரம் ஒரு நாளிதழின் ஞாயிறு பக்கத்தில், எட்டாவது பாடல் கல்லையும் கரைக்கும் என்று வந்தது. வானொலி அறிவிப்பாளர் ஒருவர் கடைசிப் பாட்டைக் கேட்டு அழுதுவிட்டதாகச் சொன்னார். முகநூலில் இசைப் பக்கம் நடத்தும் ஒருவர் எட்டுக்கும் எட்டு நட்சத்திரம் போட்டார். நாளிதழ் பக்கத்தை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன்.

ஒரே ஒரு மாற்றுக் குரல், எங்கள் பழைய குழுவில் டிரம்ஸ் வாசித்த அண்ணன். சிம்பாங் அம்பாட்டில் இருக்கிறார். விழாவுக்கு வந்தவர், மறுநாளே வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். முதல் வரி: "மூணாவது பாட்டு இழுக்குது." அதற்குமேல் நான் படிக்கவில்லை. அந்தக் காலத்திலும் ஒத்திகையில் பாதிப் பாட்டில் குச்சியைக் கீழே வைத்துவிடுகிற மனிதர். நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று எரிச்சலோடு கைப்பேசியை மூடிவிட்டேன். மூன்று வாரம் பதில் போடவில்லை.

ஒரு நாள் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகும்போது காரில் பென் டிரைவைச் செருகினேன். ஆறாவது பாட்டு முடிந்ததும் முதல் பாட்டு மறுபடி ஆரம்பித்தது. காரில்தான் கோளாறு என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த ஐந்தையும் கணினியில் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஆறு பாட்டுதான். கடைசி இரண்டையும் பிந்திப் பதிவு செய்ததால் அவை வேறு கோப்புறையில் கிடந்தன. ஒவ்வொன்றிலும் முதல் பாட்டை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு, சரி என்று அட்டையில் செருகியிருக்கிறேன். இருபத்திரண்டு வருஷம் தரம் பார்த்தவளின் லட்சணம் இது.

அப்போதுதான் உறைத்தது. கல்லையும் கரைத்த எட்டாவது பாட்டு என் கணினியைத் தவிர வேறெங்கும் இல்லை. முதலில் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு அழுகை வந்தது. பிறகு அண்ணனின் செய்தியைத் திறந்து முழுதாகப் படித்தேன்.

"மூணாவது பாட்டு இழுக்குது. நாலாவதுல குரல் மேல எட்டல. அஞ்சாவது நல்லாருக்கு, ரெண்டு தடவ கேட்டேன். அட்டையில எட்டுன்னு போட்டுருக்கு, உள்ள ஆறுதான் இருக்கு. மிச்சத்த அனுப்பு."

நாளிதழில் எழுதியவரை அழைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"பரவால்லக்கா, அதான் நல்லபடியா எழுதியாச்சே."

"இப்ப அனுப்புறேன் தம்பி. கேட்டுட்டுத் திட்டியாச்சும் எழுதுங்க."

"நம்ம ஆளுங்கள நம்மளே குற சொல்லக் கூடாது லா, அக்கா."

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, விடுபட்ட இரண்டு பாட்டையும் எடுத்துக்கொண்டு பினாங்குப் பாலம் தாண்டிச் சிம்பாங் அம்பாட்டுக்குப் போனேன். ஏன் மூன்று வாரம் பதில் இல்லை என்று அண்ணன் கேட்கவில்லை. அண்ணி தேநீர் கொண்டுவந்து வைத்தார். அண்ணன் கண்ணை மூடி, மேசையில் விரலால் தட்டிக்கொண்டே இரண்டையும் கேட்டார்.

"எட்டாவது எப்படிண்ணே?"

"அழுகையெல்லாம் வரல. நல்ல பாட்டு. கடைசில ஒரு நிமிஷம் கூடுதலா இருக்கு, அத வெட்டு."

"மூணாவது?"

"அதான் சொன்னேனே, இழுக்குது."

நான் சண்டைக்குப் போனேன். அது வேண்டுமென்றே நிதானமாகப் போட்ட தாளம் என்றேன். அவர் மூன்றாவது பாட்டைப் போட்டார். பாதி வந்ததும் நிறுத்தினார்.

"இந்த எடத்துல கிதார்ல கோர்டு மாத்துறதுக்கு ஒனக்கு நேரம் வேணும். அதுக்காகப் பாட்டையே மெதுவாக்கிட்ட. விரல் வலிக்குதாம்மா?"

என் இடது கை விரல்கள் ஒன்றரை வருஷமாக வலிக்கின்றன. மகளிடம்கூட நான் சொன்னதில்லை. சொன்னால் கிதாரைத் தொடவிட மாட்டாள். இந்த மனிதர் அதைப் பாட்டிலேயே கேட்டிருக்கிறார். ஆமென்று தலையை ஆட்டினேன்.

"வலிச்சா கோர்ட சுலபமா மாத்திக்க. வேகத்தக் கொறைக்காத. பாட்டு என்னா பாவம் பண்ணுச்சு?"

வீட்டுக்கு வந்து, விரலுக்கு எட்டுகிற மாதிரி கோர்டுகளை மாற்றினேன். புதிய பிடிகள் கையில் படியப் பத்து நாள் ஆனது. வேகத்தைக் கூட்டி மூன்றாவது பாட்டைத் திரும்பப் பதிவு செய்து அண்ணனுக்கு அனுப்பினேன். மதியம் பதில் வந்தது. மகள் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"இப்ப சரி. நாலாவதப் பாரு."

"இவ்வளவுதானா? ஒரு வார்த்த பாராட்டக் கூடாதா அவரு?" என்றாள் மகள்.

பாராட்டிவிட்டார் என்று அவளிடம் சொல்லிவிட்டு, நாலாவது பாட்டின் சுருதியை இறக்க உட்கார்ந்தேன்.