மார்கழிக்கு மெல்லிசு எண்ணெய்

அஸ்தம்பட்டியில் என் மகள் வீட்டின் முன்னால் இரண்டு கோரைப்பாய் விரிக்கும் அளவுக்குப் புல் வளர்த்திருக்கிறார்கள். அதை வெட்ட மாப்பிள்ளை ஒரு மெஷின் வாங்கி வந்தார். ஓர் ஆடு போதும் என்பது என் கட்சி, யாரும் கேட்கவில்லை. ஆனால் எண்ணெய் ஊற்றும் நேரம் வந்ததும், "மாமா, எந்த ஆயில்னு இந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் பாருங்க" என்று நீட்டினார். படிவம், விதி, கையேடு எதுவானாலும் இந்த வீட்டில் என்னிடம்தான் வரும். புரட்டினேன். வெளியே இத்தனை டிகிரி சூடு என்றால் இன்ன எண்ணெய் என்று கட்டம் போட்டிருந்தது. மாதத்தின் பெயர் எங்குமே இல்லை. பரவாயில்லை, திருந்திவிட்டார்கள்.

"கெட்டி எண்ணெயே வாங்குங்க. சேலத்துல அதுக்கு மேல யோசிக்க ஒண்ணுமில்ல" என்றேன். பட்டென்று சொல்லிவிட்டேனே என்று அவருக்கு ஆச்சரியம்.

டப்பாவைத் திறந்ததும் வந்த வாசனை எனக்குப் பழையது. இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில வருடம் முன்பு, வெள்ளைக்காரர்கள் டென்னிஸ் ஆடும் ஒரு கிளப்பில் நான் குமாஸ்தா. பெயர் வேண்டாம். முதலில் அங்கே புல்வெட்டியை மாடு இழுத்தது. குளம்பு பதிந்து புல் கெடாமலிருக்க மாட்டுக்குத் தோல் செருப்பு மாட்டுவார்கள். மாட்டுக்கு நான்கு செருப்பு, ஓட்டுகிறவருக்கு ஒன்றுமில்லை. அந்தச் செருப்புக்கு அளவு எடுத்துத் தைக்கக் கொடுத்ததும் நான்தான். பி.ஏ. படித்தது வீண்போகவில்லை.

பிறகு சீமையிலிருந்து மெஷின் வந்தது. கூடவே அதை ஓட்ட நாச்சிமுத்து வந்தார். பள்ளிபாளையத்தில் ஒரு பண்ணையக்காரரின் கிணற்று என்ஜினை ஓட்டிக்கொண்டிருந்தவர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். கிளப்புக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்தார்கள். மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளுமாகக் குடிவந்தார். வேலை போனால் அறையும் போகும் என்பது நியமன உத்தரவின் மூன்றாம் விதி. தட்டச்சு செய்தவன் என்பதால் வரிசை எண்கூட நினைவிருக்கிறது.

எண்ணெய் அலமாரியின் சாவி என்னிடம். திங்கட்கிழமை காலை சீட்டு எழுதிக் கொடுத்தால் வாரத்துக்கு வேண்டிய எண்ணெய் கிடைக்கும். கெட்டி ஒரு டின், மெல்லிசு ஒரு டின். மெஷினோடு வந்த புத்தகத்தில், நவம்பர் முதல் மார்ச் வரை குளிர்காலம், மெல்லிய எண்ணெய்; மற்ற மாதங்களுக்குக் கெட்டி என்று அச்சிட்டிருந்தது. நவம்பர் முதல் திங்களன்று நான் மெல்லிசை எடுத்துக் கொடுத்தேன்.

நாச்சிமுத்து ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தி, விரலைப் பிரித்துப் பார்த்தார். எண்ணெய் நூலாக இழுபடவில்லை.

"ஏனுங்க, இது தண்ணியாட்டமல்ல இருக்குது? பழைய எண்ணெயே குடுங்க."

"புத்தகத்துல குளிர்காலத்துக்கு இதுதான் போட்டிருக்குப்பா."

"நம்மூர்ல குளிரு காத்தால எட்டு மணி வரைக்கும்தானுங்க. அதுக்கப்புறம் மார்கழியும் சித்திரையும் ஒண்ணுதான். புஸ்தகம் எழுதுன துரை எந்த மார்கழிக்குச் சேலம் வந்தாருங்க?"

"அவர் வரலே. அவர் மெஷின் வந்திருக்கு. கையெழுத்துப் போடு."

போட்டார். அந்த என்ஜினுக்குத் தண்ணீர் கிடையாது. காற்றிலேதான் ஆற வேண்டும். சூட்டில் மெல்லிய எண்ணெய் இன்னும் இளகி, மேலே ஏறி எரிந்து, புகையாகப் போய்விடும். அளவு குறைந்துகொண்டே வரும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அவருக்கு அன்றே தெரியும். வியாழக்கிழமையே வந்து, "அளவுக் குச்சியில பாதிக்கு எறங்கிப் போச்சுங்க, கொஞ்சம் ஊத்துங்க" என்று கேட்பார். திங்கட்கிழமை வா என்பேன்.

டிசம்பரில் ஒரு போட்டிக்கு முன்தினம், நடுப்பகலில், மைதானத்தின் பாதியில் மெஷின் கிறீச்சென்று நின்றது. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கிளப் செகரட்டரி துரை வந்தார். அவருக்குத் தமிழில் 'சீக்கிரம்' மட்டும் தெரியும். ஆகவே விசாரணை என் வாய் வழியாக நடந்தது.

என்ன எண்ணெய் ஊற்றினான் என்று கேட்டார் துரை. நான் தமிழில் கேட்டேன்.

"அய்யா குடுத்த எண்ணெயத்தானுங்க ஊத்துனேன்" என்றார் நாச்சிமுத்து. "இது வெயிலுக்குத் தாங்காது, வேண்டாம்னு அன்னிக்கே சொன்னேன். அதையும் சொல்லுங்க."

முதல் வாக்கியத்தை மொழிபெயர்த்தேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். எனக்கும் அது நல்ல வேலை. அப்போதுதான் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். சரியான எண்ணெய்தானா என்று துரை கேட்டதற்கு, புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். எண்ணெய் சரி என்றால் ஆள் சரியில்லை. அவரை வேலையிலிருந்து நீக்கத் துரைக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே வந்ததும் நாச்சிமுத்து கேட்டார்: "ரெண்டாவது சொன்னதையும் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அவருக்கு வெளங்கல போலிருக்குதுங்க."

மறுநாள் காலை அறையைக் காலி செய்தார்கள். வண்டியில் பானைகளை ஏற்றிவிட்டு, சின்னப் பெண்ணை அதன்மேல் உட்காரவைத்து, அவர் அலுவலகத்துக்கு வந்து சாவியைக் கொடுத்தார். சாவிக்கு ரசீது உண்டு, எழுதிக் கொடுத்தேன்.

"போயிட்டு வாரனுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க, சொல்லித்தான் பார்த்தீங்க. வர்றவனுக்காச்சும் கெட்டி எண்ணெயக் குடுங்க சாமி."

என்னை அவர் திட்டியிருந்தால் இத்தனை வருடத்தில் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி முடித்திருப்பேன்.

அடுத்து வந்தவருக்கு டிசம்பரிலும் கெட்டி எண்ணெயே கொடுத்தேன். வியாழக்கிழமை கேட்டாலும் ஊற்றினேன். புத்தகத்தில் 'நவம்பர் முதல் மார்ச் வரை' என்ற வரியைப் பென்சிலால் அடித்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. அவ்வளவு சுலபமான காரியம் அது.

அந்த மைதானத்தில் இப்போது மாடி வீடுகள் நிற்கின்றன. நாச்சிமுத்து இருந்த அறை எந்த வீட்டுக்கு அடியில் போனது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், பிடிபடவில்லை. துரைகள் கப்பலேறிப் போனபின் கிளப்பை மூடினார்கள். பழைய கோப்புகளை எரிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது: பட்டியல், இரண்டு கையெழுத்து, எரிந்து முடிந்ததை நேரில் பார்த்ததாக ஒரு குறிப்பு. அதையும் நான்தான் செய்தேன். 'ஓட்டுபவரின் கவனக்குறைவு' என்று நான் தட்டச்சு செய்த விசாரணைத் தாள் அந்தக் கட்டோடு எரிந்துபோனது. நாச்சிமுத்து சொன்ன முதல் வாக்கியமும் அதோடு போனது. இரண்டாவது வாக்கியம் அதில் இல்லை. அதை நான் எழுதவே இல்லை.