மிளகு மூட்டையும் இடிமுழக்கமும்

"அது டிரம்மு இல்லீங்கக்கா, மிளகு மூட்டைங்க!"

சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ராசிபுரத்து அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவர் ஒன்றுமே கேட்கவில்லை. ஆனால் செங்கோடனுக்கு யாரும் கேட்க வேண்டியதில்லை. பழக்கூடைக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டரில் அவருடைய கேசட் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டுக்கு அடியில் தும்... தும்... என்று மெத்துமெத்தென்று ஒரு சத்தம். அது எதில் அடித்தது என்று சொல்லாமல் அவர் ஒரு பழம்கூட விற்கமாட்டார்.

"டிரம்முலதான் அடிக்கறதா இருந்துதுங்க. பேத்தி உடலீங்க."

செங்கோடன் மலைமேல் வளப்பூர் நாட்டுக்காரர். சந்தைக்குப் பின்மேட்டில் வீடு, மிளகுக்கொடி, கொஞ்சம் மரவள்ளி. அதெல்லாம் வயிற்றுக்கு. மனசுக்கு டிரம் செட். எண்பதுகளில் மலையில் எந்த நோம்பி, திருவிழா என்றாலும் 'இடிமுழக்கம்' குழுதான். செங்கோடன் டிரம், அர்த்தனாரி பாட்டு, அடிவாரத்திலிருந்து பஸ் ஏறி வரும் ராசப்பன் எலக்ட்ரிக் கிடார், கூடவே அதன் ஆம்ப்ளிஃபயர் பெட்டி. இவர்கள் வாசித்தால் கோழி அடைக்கு உட்காராது என்று ஊர் திட்டும். அதையே பட்டம் கொடுத்த மாதிரி சொல்லிக்கொண்டு திரிவார்கள்.

கடைசியில் அந்தச் சத்தமே அவர்களைப் பிரித்தது. யாருடையது அதிகம் கேட்கிறது என்று செங்கோடனும் ராசப்பனும் மேடையிலேயே மல்லுக்கு நின்றார்கள். ஒயரைச் சுருட்டிக்கொண்டு இறங்கிய ராசப்பன் அப்புறம் மலையேறவே இல்லை.

தொண்ணூற்றொன்பதில் அர்த்தனாரி நாமக்கல்லில் ஒரு ரெக்கார்டிங்காரரைப் பிடித்தார். மூன்று பேரும் வந்தால் கேசட் போடலாம் என்றார் அவர். ராசப்பன் வந்தார், கண்டிஷனோடு.

"பழைய சத்தம் இருக்கோணும். கொறைஞ்சுதுன்னா அடுத்த பஸ்ஸுல மலையெறங்கிருவேன், பாத்துக்க."

செங்கோடன் தலையாட்டிவிட்டார். இந்தத் தடவை போனால் ஆள் திரும்ப வரமாட்டார் என்று தெரியும். கேசட்டைவிட அவருக்கு அந்த ஆள்தான் வேண்டும்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தார். ஒத்திகை அவர் வீட்டில்; டிரம் செட் இருந்தது அங்கிருந்த ஒரே அறையில். வெளியே ஐப்பசி மழை. அறை நடுவில் தூளி. தூளிக்குள் மகள் தேன்மொழி பெற்ற பச்சைக்குழந்தை.

முதல் அடி விழுந்ததும் தூளி துள்ளியது. குழந்தை வீரிட்டது.

"ஏப்பா, பாறை உருண்ட மாதிரி அடிக்கறீங்க!" என்று ஓடி வந்தாள் தேன்மொழி. "ராசப்பன் மாமா, நீங்களும் அந்தப் பொட்டிய அமத்துங்க!"

"துண்டு சுத்திக்கறேன் கண்ணு" என்றார் செங்கோடன். குச்சியில் துண்டைச் சுற்றி அடித்தார். வீறல் அடங்கவில்லை. குச்சியைப் போட்டுவிட்டு, மூலையிலிருந்த மிளகு மூட்டையில் உள்ளங்கையால் தட்டினார். தும். வீறல் விசும்பலாக இறங்கியது.

ராசப்பனுக்கு முகம் கடுத்தது. "மூட்டையத் தட்டறதுக்கா என்னைய மலையேத்துன?"

ஒயரைப் பிடுங்கினார். செங்கோடன் மூட்டையில் தட்டுவதை நிறுத்தவில்லை.

கிடாரை உறையில் போடுமுன் தந்தியைத் தளர்த்துவது ராசப்பன் பழக்கம். சுண்டிச் சுண்டித் தளர்த்தினார். ஒயர் பிடுங்கிய கிடார் கொசு முனகுவது போல டொய்ங், டொய்ங் என்றது. விசும்பல் சட்டென்று நின்றது. ராசப்பன் கையை எடுத்தார். குழந்தையின் உதடு பிதுங்கியது. மறுபடி சுண்டினார். குழந்தை கண்ணை உருட்டிச் சத்தம் வந்த பக்கம் தேடியது.

"நிறுத்துங்க பாக்கலாம், மாமா" என்று சிரித்தாள் தேன்மொழி.

"எங்கடி நிறுத்தறது? உம்மவ வம்புல மாட்டி உட்டுட்டாளே!"

கீழே ரோட்டில் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. ராசப்பன் தளர்ந்த தந்தியிலேயே வாசித்துக்கொண்டிருந்தார். செங்கோடன் மூட்டையில் தட்டினார். அர்த்தனாரி சுவரில் சாய்ந்து, பழைய நோம்பிப் பாட்டை உதட்டுக்குள் பாட ஆரம்பித்தார்.

நாமக்கல்லுக்கு மூட்டையும் கூடவே போனது. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட வந்தபோது, "வாத்தியத்துக்கெல்லாம் லக்கேஜாங்க?" என்று சண்டை பிடித்தார் செங்கோடன். ரெக்கார்டிங்காரர் மூட்டையைப் பார்த்ததும், "மண்டி அந்தப் பக்கமுங்க" என்று வழி காட்டினார்.

கேசட் வெளிவந்ததும் பழைய ரசிகர்கள் மடக்கிக் கேட்டார்கள். "இடிமுழக்கம்னு வாங்குனா தூறலாட்டம் இருக்குதே!" ஆனால் கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்காரர்கள் வாங்கிப் போனார்கள்.

ராசப்பன் இப்போது வாராவாரம் வருகிறார். பேர்தான் பிராக்டிஸ். அந்தச் சந்தை நாள் காலையிலும் கிடாரோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். ஆம்ப்ளிஃபயர் பெட்டி இல்லை, கையில் ஒரு கிலுகிலுப்பை. பழக்கூடையைத் தாண்டி நேரே மேடேறப் போனார்.

"ஏண்டா, நான் இங்க நிக்கறேன், நீ பாட்டுக்குப் போற?"

"உன்னையப் பாக்கவா வந்தேன்? பாப்பா முழிச்சிருக்காளா?"

ராசிபுரத்து அம்மா பழத்தை மறந்து இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். செங்கோடன் சந்தைக்கே கேட்கும்படி கத்தினார்:

"இப்பத்தான் தூங்குனா. எழுப்பி உட்டீன்னா நீயேதான் வாசிச்சுத் தூங்க வெக்கோணும். அடுத்த பஸ்ஸு வந்தாலும் உன்னைய மலையெறங்க உடமாட்டேன், பாத்துக்க!"