இடப்பக்கம் மட்டும் சூடு

அந்த ஃபோர்மேனை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. அவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை. மராத்தி ஊரான போசரியில், கார் பழுதுபார்க்கும் அந்த ஒர்க்‌ஷாப்பில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். அவருடையது நாலு தலைமுறையாக இங்கேயே, ராணுவக் கன்டோன்மென்ட் பக்கம் வாழும் குடும்பம். நான் கோயம்புத்தூர். டிப்ளமோ முடித்து, சாகணில் கார்களுக்கு ஒயர் கட்டும் லைனில் மூன்று வருடம் நின்றுவிட்டு, எலக்ட்ரிகல் வேலைக்காக இங்கே சேர்ந்தேன். சேர்ந்த அன்றே, சுற்றி நின்றவர்களுக்குப் புரியக்கூடாது என்று தமிழில் கேட்டார்: "பொம்பளைக்கு இங்க என்ன காம்? கஸ்டமர்கிட்ட சாவி வாங்கி வைக்கிற வேலையா?"

"மீட்டர் புடிக்கிறதுங்க" என்றேன்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் எனக்கு வந்ததெல்லாம் ஹார்னும் ஹெட்லைட் பல்பும்தான்.

ஏப்ரல் வெயிலில் ஒரு மத்தியானம், வானவடியிலிருந்து ஓர் ஆசிரியை காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். மூன்றாவது முறை. ஏசி போட்டால் ஓட்டுபவர் பக்கம் குளிர்ந்த காற்று வரும், இடப்பக்கம் அனல் அடிக்கும். அந்த சீட்டில் உட்காருவது பக்கவாதம் வந்த அவருடைய அம்மா. "தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லித் தொலையுங்கள்!" என்று இந்தியில் கத்தினார். முதலாளி கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார்.

அந்தக் காரில் டேஷ்போர்டுக்குள் இடம், வலம் இரண்டுக்கும் தனித்தனியாக ஒரு சின்னக் கதவு உண்டு. சூட்டையும் குளிரையும் கலந்து விடுவது அதுதான். அதைத் திருப்ப ஒரு சின்ன மோட்டார். ஸ்கேனரில் இடப்பக்க மோட்டார் என்று கோளாறு வந்ததும் ஃபோர்மேன் அதை மாற்றினார். கார் திரும்பி வந்தபோது மறுபடி மாற்றினார். இப்போதும் ஸ்டோரைப் பார்த்து, "இன்னொரு மோட்டார் எடு" என்றார்.

"புது மோட்டார் ரெண்டுமா கெட்டுப்போகும்? ஒயரைப் பார்க்கணுங்க" என்றேன்.

"அரே, நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "அவள் பார்க்கட்டும். ஒரு மணி நேரம்."

அந்த ஒரு மணி நேரமும் ஃபோர்மேன் கையைக் கட்டிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். மோட்டாருக்குப் போகும் ஒயர்கள் ஐந்து. இரண்டு அதைச் சுற்றுவதற்கு. அவற்றில் மின்சாரம் சரியாக வந்தது. மீதி மூன்று, கதவு எங்கே நிற்கிறது என்று கன்ட்ரோல் யூனிட்டுக்குச் சொல்வதற்கு. அதில் ஒன்றில் ஐந்து வோல்ட், அதுவும் சரி. சேதி சொல்லும் ஒயரில் மீட்டரை வைத்தேன். சூட்டுக்கும் குளிருக்கும் மாற்ற மாற்ற எண் ஒழுங்காக ஏறி இறங்கியது. இடப்பக்க சீட்டுக்கு முன்னால் சாமான் வைக்கும் க்ளவ் பாக்ஸை மூடினேன். சட்டென்று பூஜ்யம். திறந்தேன், எண் திரும்ப வந்தது. மறுபடி மூடினேன். பூஜ்யம்.

டார்ச்சை உள்ளே விட்டுப் பார்த்தேன். க்ளவ் பாக்ஸைத் தாங்கும் இரும்புப் பட்டையில் ஒரு நீள ஸ்க்ரூ. கம்பெனி ஸ்க்ரூ இல்லை. அதன் முனை ஒயரின் தோலைக் கிழித்திருந்தது. மூடும்போதெல்லாம் செம்பு இரும்பில் பட்டது. சேதி கிடைக்காத யூனிட், கதவு குளிர்ப் பக்கத்தின் எல்லையையும் தாண்டிப் போய்விட்டதாக நினைத்துக்கொண்டு அதைச் சூட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தது. முதல் மோட்டார் நிஜமாகவே கெட்டிருக்கலாம். ஃபோர்மேன் அதை மாற்றிவிட்டு மூடியபோது நடந்த வேலை இது.

ஃபோர்மேனும் குனிந்து பார்த்தார். "விடு. டேப் சுத்தி மூடு" என்றார், தமிழில், மெதுவாக. அவர் என்னிடம் அதட்டாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

மூடியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. நான் நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி இந்தியில் ஆசிரியையைக் கூப்பிட்டேன். "மேடம், இங்கே வந்து பாருங்கள்."

டார்ச்சை அவர் கையிலேயே கொடுத்தேன். பார்த்துவிட்டு, "இதை யார் போட்டது?" என்றார். நான் ஃபோர்மேனைத் திரும்பிப் பார்த்தேன். கடைசியில் இருந்த வாஷிங் ஆள் வரைக்கும் எல்லோரும் பார்த்தார்கள். ஆசிரியை அவருக்கு விட்ட ஏச்சில் மராத்தியும் இந்தியும் கலந்து வந்தன. முதலாளி ஃபோர்மேனை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஒயரை ஒட்டவைத்து, மேலே ஸ்லீவ் உறை போட்டு, குட்டை ஸ்க்ரூ மாற்றினேன். இடப்பக்கம் ஜில்லென்று வந்தது. ஆசிரியை காற்றில் கையை வைத்துப் பார்த்தார். "இதை முதல் தடவையே செய்திருக்கலாமே" என்று என் மேலும் எரிந்து விழுந்துவிட்டுக் கிளம்பினார்.

எலக்ட்ரிகல் வேலை முழுக்க எனக்கு வந்தது. கூடவே, ஒரு வாரத்தில் என் மீட்டரின் இரண்டு முனைகளும் வளைந்து கிடந்தன. யார் என்று நான் கேட்கவில்லை. டீக்கு என்னைக் கூப்பிடுவதையும் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். அடுத்து யாரைக் காட்டிக்கொடுப்பேனோ என்ற பயம்.

டிசம்பரில் ஃபோர்மேன் வீட்டில் செய்த கேக்கை டப்பாவில் கொண்டுவந்து ஒவ்வொரு பெஞ்சாகக் கொடுத்தார். என் பெஞ்சைத் தாண்டிப் போனார். நான் பவர் விண்டோ ஸ்விட்ச் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை. அந்தக் கேக் எனக்கு வேண்டியதாகவும் இருக்கவில்லை.