கழுத்தை மட்டும் பார்

என் மகளிடம் மூன்று வேலை சொன்னால் ஒன்று தங்கும். அது எந்த ஒன்று என்பது நம் கையில் இல்லை. பத்தொன்பது வருடமாக இதோடு மல்லுக்கட்டி நான் ஓய்ந்து போயிருந்தேன். இரண்டு பனியன் கம்பெனிகள் அவளை ஒரு மாதம்கூடத் தாங்காமல் அனுப்பிவிட்டன. கடைசியில் நான் வேலை செய்யும் கம்பெனியிலேயே செக்கிங் டேபிளில் சேர்த்தேன். இதுவும் போனால் அவளை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் நான் வேலைக்கு வர வேண்டும். அவளுக்கு அப்பா இல்லை, பார்த்துக்கொள்ள வேறு ஆளும் இல்லை.

"ஒரே ஒரு வேலை சொல்லுங்க சார், மாத்தாம சொல்லுங்க" என்று சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டேன். மதுரைப் பக்கத்துக்காரர். முன்கோபி, ஆனால் காது கொடுத்துக் கேட்பார். அவளிடம், "கழுத்த மட்டும் பாரும்மா" என்றார்.

அவ்வளவுதான். டீ-ஷர்ட்டின் கழுத்துப் பட்டிக்குள் கட்டைவிரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவாள். கண் எங்கேயோ இருக்கும். தையல் விட்ட இடத்தில் விரல் நின்றுவிடும். அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். இருபது வருடமாக இதே தொழிலில் இருக்கும் எனக்குத் தப்பிப் போவதுகூட அவளுக்குத் தப்பாது. சாயங்காலம் நாங்களெல்லாம் நெட்டி முறித்துக்கொண்டிருப்போம். அவளோ காலையில் முதல் பீஸைத் தொட்ட அதே பொறுமையோடு கடைசி பீஸையும் தொடுவாள். பக்கத்தில் உட்காரும் பீகார்ப் பெண்களின் கழுத்துப் பட்டியையும் விரலால் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு "ஓகே" என்பாள். அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளுக்கு இந்தி தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவள் பக்கத்து இடத்துக்குத் தினமும் போட்டிதான்.

ஷிப்மென்ட் நாள் வந்தது. வாசலில் லாரி நின்றது. மத்தியானம் சூப்பர்வைசர் வந்து, "சின்ன டேமேஜ் எல்லாம் விட்டுருங்க, போகட்டும்" என்று சொல்லிவிட்டு ஓடினார். எல்லோரும் தலையாட்டினோம். அவளும் ஆட்டினாள். ஆட்டிவிட்டு, முதல் நாள் சொன்னதையே செய்தாள். நான் எழுந்து போய் அவளுக்கு நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டும். இடுப்பு வலி, அலுப்பு, விட்டுவிட்டேன். நான்கு மணிக்குப் பார்த்தால், அவள் பக்கத்தில் அம்பு ஒட்டிய பீஸ்கள் மலையாகக் குவிந்திருந்தன.

"விட்டுருன்னு சொன்னேனா இல்லையா?" என்று கத்தினார் சூப்பர்வைசர். "நாளையில இருந்து நீ வர வேணாம்!"

"ஓட்டை இருக்குதுங்க சார்" என்றாள். எதிர்த்துப் பேசவில்லை. இருப்பதைச் சொன்னாள்.

அவளைப் பற்றி நான் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கதை விட்டிருக்கிறேன். குழந்தையில் காய்ச்சல் என்பேன், தொட்டிலில் இருந்து விழுந்துவிட்டாள் என்பேன். முதலில் பார்த்த டாக்டரிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. அன்றைக்கு இன்னொரு கதை கட்ட எனக்குத் தெம்பில்லை.

"அவ மேல தப்பில்லீங்க சார்" என்றேன். "இவ வயித்துல இருக்கறப்ப நான் குடிச்சனுங்க. ஒன்றரை ஷிப்ட் ஓட்டிட்டு ஊட்டுக்குப் போனா உடம்பெல்லாம் வலி. ஊட்டுக்காரர் வாங்கி வெப்பாரு, நானும் சேந்து குடிப்பனுங்க. அது இவ மூளையத் தொட்டுருச்சுன்னு பின்னால பாத்த டாக்டர் சொன்னாரு. நடுவுல மாத்திச் சொன்னா இவளுக்கு ஏறாதுங்க. ஆனா ஒண்ணச் சொல்லிட்டா, சாகறவரைக்கும் உடமாட்டா."

டேபிளில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். கூசிப் போனேன். சூப்பர்வைசர் குவியலில் இருந்து ஒன்றை எடுத்துக் கழுத்தை இழுத்துப் பார்த்தார். ஓட்டை. இன்னொன்றை எடுத்தார். அதிலும் ஓட்டை.

"ஷிப்மென்ட் அன்னைக்கு மட்டும் இவளுக்கு லீவு போட்டுருங்கக்கா" என்றார். "மத்த நாள் வரட்டும்."

பெரிய ஓட்டைகளை டெய்லரிடம் அனுப்பினார். மீதியில் ஸ்டிக்கரைப் பிய்த்துப் பெட்டியில் போடச் சொன்னார். எல்லோரும் நின்று பிய்த்தோம். அந்த வேலைக்கு மட்டும் அவள் வரவே இல்லை.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "நான் சாரு கிட்டச் சொன்னது கேட்டுச்சா கண்ணு?"

"கேட்டுச்சுங்கம்மா."

"எம்மேல கோவமில்லையா?"

"இப்பக் குடிக்கறீங்களா?"

"நீ பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடியே உட்டுட்டேன்."

"அப்புறம் என்னுங்கம்மா" என்றாள்.

வேலைக்குப் போகும்போது சேலைக்கு மேல் ஒரு பழைய ஆண் சட்டையைப் போட்டுக்கொள்வேன். அதன் காலருக்குள் கட்டைவிரலை விட்டுச் சுற்ற ஆரம்பித்தாள். எங்காவது நின்றுவிடும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பொறுமையாக ஒரு முழுச் சுற்று வந்து விரலை எடுத்தாள்.

"ஓகேங்கம்மா" என்றாள்.