சார்ஜ் போட்டால் ஜிவ்வென்கிறது

செஞ்சிக் கோட்டையின் மூன்று மலை மேலும் சத்தியம். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. லேப்டாப் ரிப்பேர் என்பது, நன்றாக இருக்கிற பொருளை நாள் முழுக்கத் திறந்து மூடுகிற தொழில். கடை போட்டு அவதிப்படுகிற உங்களுக்குத் தெரியாததா?

கடையில் வராத வியாதி

சிங்கவரம் தனம், வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை செய்கிற பெண். முட்டி ஆப்பரேஷன் ஆன அப்பாவை விட்டு நகர முடியாது. சார்ஜ் போட்டபடி லேப்டாப்பில் கை வைத்தால் விரலில் ஜிவ்வென்று எறும்பு ஊறுகிற மாதிரி ஷாக் அடிக்கிறதாம். சார்ஜரைப் பிடுங்கினால் அரை மணியில் அணைந்துவிடும். வேலை தேங்கிப்போய், "இந்த வாரத்துக்குள் சரியாகவில்லை என்றால் ஆபீசுக்கே வந்துவிடு" என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்று தடவை கொண்டுவந்தாள். சார்ஜரைக்கூட மாற்றிப் பார்த்தாயிற்று. என் மேஜையில் அது பச்சைப்பிள்ளை மாதிரி கிடந்தது. தனம் சொன்னாள்: "உங்களப் பாத்தா மட்டும் நடிக்குது தாத்தா!"

செருப்பு

இந்த வயதில் பஸ் ஏறி அவள் வீட்டுக்கே போனேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்று தொட்டேன். ஜிவ்! மீசையில் நாலு முடி நட்டுக்கொண்டது, இன்னும் படியவில்லை. கடையில் ரப்பர் செருப்பும் இருந்தது, எர்த்தும் இருந்தது. இங்கே இரண்டும் இல்லை.

எர்த்தைச் சரி செய்யும்வரை செருப்புப் போட்டு வேலை செய்யட்டுமே என்றேன். கட்டிலில் கிடந்த அவள் அப்பா ஏழுமலை சீறினார்: "இன்னாய்யா பேசற? சாமி படம் மாட்டின ஊட்ல செருப்பா? இன்னொரு தபா சொன்னா நீயும் வெளிய, உன் செருப்பும் வெளிய!"

கிடா

பின்பக்கம் எர்த் குழியைப் பார்க்கப் போனேன். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்க, இரும்புக் குழாய் புதைத்து உப்பும் கரியும் கொட்டி வைக்கிற குழி. உப்பையும் காணோம், மண்ணையும் காணோம். குழாய் ஆடுகிற பல் மாதிரி நின்றது. ஒரு கிடா குழிக்குள் தலையை விட்டு நக்கிக்கொண்டிருந்தது. உப்பு தின்றே கன்றுக்குட்டி உயரத்துக்கு வளர்ந்திருந்தது.

விரட்டக் கை ஓங்கினேன். தனம் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடாவாம். கட்டவும் கூடாது, அடிக்கவும் கூடாது. எதற்கு நேர்ந்தது என்று கேட்டேன். அவளுக்கு வேலை கிடைக்க!

துவைக்கிற கல் பக்கத்தில், எப்போதும் ஈரம் காயாத இடத்தில் புதுக் குழி எடுத்து, பழைய குழாயைப் பிடுங்கி அதில் நட்டு, உப்பும் கரியும் போட்டு, பாறாங்கல்லால் மூடினேன். எங்கள் ஊரில் பாறைக்கா பஞ்சம்? இடுப்புதான் போனது. தனம் வெறுங்காலோடு உட்கார்ந்து தட்டினாள். எறும்பும் இல்லை, ஒன்றும் இல்லை. சென்னைக்குக் கட்டிய பையை அவிழ்க்கப் போனாள். ஏழுமலை என்னைக் குனியச் சொல்லிக் காதில் ஓதினார்: "வேல வாங்கிக் குடுத்த கிடாவே வேலைக்கு வேட்டு வச்சுதுன்னு தெரிஞ்சா, சாமிக்கு ஏழுமல இன்னா கொற வச்சானோன்னு ஊரே பேசும். வாய தொறக்காதய்யா!"

ஆகவே அன்பர்களே, லேப்டாப்பைக் கழற்றுமுன் வீட்டில் ஆடு இருக்கிறதா என்று கேளுங்கள். இதை யார் சொன்னது என்று ஏழுமலை கேட்டால் மட்டும் என் பெயரை எடுக்காதீர்கள்.