கீரிப்பிள்ளைக்கு ஒரு கேட் பாஸ்

மரச்சாமான் பட்டறையில் வேலை முடிந்து போகிறவர்களின் பையைச் சோதிப்பதுதான் அவள் உத்தியோகம். எல்லோரும் அவளைக் கேட்டக்கா என்று கூப்பிட்டார்கள். கேட்டில் நிற்பதால் வந்த பெயரா, ஓயாமல் கேள்வி கேட்பதால் வந்த பெயரா என்று யாருக்கும் தெரியாது. டிபன் கேரியரின் அடித்தட்டைத் தூக்கிப் பார்ப்பாள். மழை இல்லாத நாளில் குடையோடு வந்தால் விரித்துக் காட்டச் சொல்வாள். அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு கீல்கூட வெளியே போனதில்லை என்று முதலாளியே சொல்வார்.

வீட்டிலும் அதே கண்தான். பாலை முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவாள். யாராவது போனில் நலம் விசாரித்தால், "சரி, என்ன வேணும், நேரா சொல்லு" என்பாள்.

கணவர் அதே பட்டறையின் லாரி டிரைவர். அவருடைய தங்கை பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள். கணவனைப் பிரிந்து வந்து இவர்களோடு தங்கியிருந்தாள். கலகலப்பான பெண். அவள் திடீரென்று சாயங்காலங்களில் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட ஆரம்பித்தபோது கேட்டக்காவுக்கு மூக்கு வியர்த்தது.

உள்ளே ரேடியோ சத்தமாகப் பாடும். அதற்கு அடியில் 'சர்ரக், சர்ரக்' என்று ஏதோ சுரண்டும் ஓசை. கதவைத் தட்டினால் ஓசை நின்றுவிடும்.

"என்ன பாப்பா பண்றே உள்ள?"

"ஒண்ணுமில்ல அண்ணி. தலை வலிக்குது."

தலை வலிக்கிறவள் ரேடியோ கேட்பாளா? ஒருநாள் நாத்தனாரின் கட்டைவிரலில் பிளாஸ்திரி இருந்தது. இன்னொரு நாள் அவள் துப்பட்டாவை உதறியபோது பொடி பறந்தது. கேட்டக்கா அதை விரலில் தொட்டு முகர்ந்தாள். தேக்கு. இத்தனை வருஷம் அந்த வாசனையில் நின்றவளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

பட்டறை ஆள் எவனோ இவளோடு பழகுகிறான் என்று முடிவு கட்டினாள். மறுநாளிலிருந்து கேட்டில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பாலீஷ் போடும் மூக்குக்கண்ணாடிக்காரன் மேல்தான் கண் நின்றது. பல்வலி என்று அவன் அந்த டாக்டரிடம் போய்வந்தது அவளுக்குத் தெரியும். அவனை மட்டும் ஓரமாக நிறுத்தினாள். ஷூவைக் கழற்றச் சொன்னாள், சாக்ஸையும் கழற்றச் சொன்னாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"நான் என்னக்கா தப்பு பண்ணேன்?" என்றான். அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"பண்ணியா இல்லையான்னுதான் பாக்கறேன். நட."

அவளுக்கு வார விடுமுறை வந்தது. நாத்தனார் வேலைக்குப் போயிருந்தாள். பெருக்குகிற சாக்கில் அறைக்குள் நுழைந்து, கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டாள். பழைய போர்வை சுற்றிய ஒரு பலகை தட்டுப்பட்டது. கூடவே ஒரு சின்ன உளியும், மழுங்கிப்போனதென்று டாக்டர் ஒதுக்கிய பல் சுரண்டும் கம்பிகளும்.

பலகையில் ஒரு கீரிப்பிள்ளை பின்னங்காலில் நிமிர்ந்து நின்றது. சுற்றிலும் மரத்தைச் செதுக்கி இறக்கியிருந்ததால் அதன் உடம்பு மட்டும் புடைத்துத் தெரிந்தது. வாலில் ஒவ்வொரு மயிரும் கீறியிருந்தது. கண் இன்னும் திறக்கவில்லை. விரல் தானாக அதன் முதுகில் ஓடியது. பிறகு பலகையைத் திருப்பினாள். ஓரத்தில் நீலக் கோடு.

நல்ல தேக்குக்குப் பட்டறையில் போடும் அடையாளம் அது. கழிவுத் துண்டுக்குப் போடுவதில்லை. திருட்டு மரம் தன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில், தன்னைத் தாண்டியே வந்திருக்கிறது!

சாயங்காலம் நாத்தனார் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள். "யார் குடுத்தான் இந்தக் கட்டைய?"

நாத்தனார் பலகையைப் பார்த்தாள், பிறகு அண்ணனைப் பார்த்தாள். டிரைவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான்தான் கொண்டாந்தேன். ஒரு துண்டு. அதுக்குப் போய்..."

"எப்படி? நான்தானே கேட்டில நின்னேன்!"

"சீட்டுக்குப் பின்னாடி வெச்சேன். என் வண்டிய நீ என்னைக்குப் பாத்திருக்கே?"

உலகத்தையே சோதித்தவள், அந்த லாரி வரும்போது மட்டும் கேட்டைத் திறந்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"உனக்குத்தான் அண்ணி செஞ்சேன்," என்றாள் நாத்தனார். "நான் வந்தப்போ ஊரே ஆயிரம் கேள்வி கேட்டுச்சு. நீ ஒருத்திதான் ஒண்ணுமே கேக்கல."

"கீரி எதுக்கு? என்னைக் கிண்டல் பண்றியா?"

"அது நிமிந்து நின்னு பாக்கும்போது உன்னை மாதிரியே இருக்கும். கிண்டல்னா வாலை இன்னும் குண்டா செதுக்கியிருப்பேன்."

கேட்டக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

காலையில் பலகையைத் தூக்கிக்கொண்டு போய் முதலாளியின் மேஜைமேல் வைத்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். முதலாளி டிரைவரைக் கூப்பிட்டு, லாரியில் சாமான் ஏற்றுகிறவர்கள் முன்னாலேயே கண்டித்தார். இன்னொரு தரம் என்றால் வேலை கிடையாது என்றார். பிறகு கீரியைத் தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. எடுத்துட்டுப் போம்மா."

"கேட் பாஸ் எழுதிக் கொடுங்க."

"நான்தானே சொல்றேன்!"

"கேட்டில இருக்கிறவளுக்கு அது எப்படித் தெரியும்?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். வேலை முடிந்ததும் அவள் வரிசையில் கடைசியாக நின்றாள். அவளுக்குப் பதிலாகக் கேட்டில் நிற்க வந்தவளிடம் சீட்டைக் கொடுத்து, பலகையைப் பிரித்துக் காட்டிவிட்டுத்தான் வெளியே வந்தாள். தெருமுனை டீக்கடையில் கண்ணாடிக்காரன் நின்றிருந்தான்.

"தப்பு என்னோடதுப்பா. அன்னைக்கு உன்னை அப்படி நிறுத்தியிருக்கக் கூடாது."

"நிறுத்தினது பரவாயில்லக்கா. சாக்ஸுல ஓட்டை இருந்ததை எல்லாரும் பாத்துட்டாங்க," என்றான். பாதிதான் சிரித்தான்.

நாத்தனார் சில நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒரு மாலை, கதவைத் திறந்து வைத்துக்கொண்டே கீரிக்குக் கண் திறந்தாள். கேட்டக்கா பக்கத்தில் உட்கார்ந்து தூசியை ஊதிவிட்டாள்.

டிரைவர்தான் மசியவில்லை. சாப்பாடு, குளியல் என்று எல்லாவற்றுக்கும் ஒற்றை வார்த்தையில்தான் பதில். ஒருநாள் பட்டறையில் லாரி கேட்டுக்கு வந்ததும் அவரே இறங்கி, கதவை அகலமாகத் திறந்து பிடித்தார்.

"வாங்க மேடம். சீட்டுக்குப் பின்னாடியும் பாத்துக்கங்க."

அது கோபமா, சமாதானமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவர் முகத்தை ஒரு தரம் உற்றுப் பார்த்தாள். பிறகு படியில் கால் வைத்து ஏறி, சீட்டுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள்.